வீட்டுத் தரை: செலவை ஹாலில் தொடங்காதீர்கள்



நம் பகுதியில் வீடு கட்டுகிற பெரும்பாலானோர் தரையைப் பற்றி யோசிப்பது கடைசியில்தான். சுவர் எழும்பி, கூரை வார்த்து, பூச்சு வேலையும் முடிந்த பிறகு குடும்பத்தோடு டைல்ஸ் கடைக்குப் போகிறோம். அந்த நேரத்தில் கையிருப்பு கரைந்திருக்கும். நகையில் பாதி அடகுக்குப் போயிருக்கும். பால் காய்ச்சுக்கு நாளும் குறித்திருப்போம். இந்த அவசரத்தில் முதலில் ஹாலுக்குப் பளபளப்பான பெரிய டைல்ஸ் எடுக்கிறோம். பிறகு படுக்கையறைகள், அதன் பிறகு அடுக்களை. குளியலறைக்கும் பின்கட்டுக்கும் வரும்போது, மிச்சமிருக்கும் பணத்தில் எது கிடைக்கிறதோ அதுதான்.

இந்த வரிசையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஹால் எப்போதும் காய்ந்திருக்கும் இடம். குளியலறையோ வீட்டிலுள்ள பெரியவர்கள் ஐந்து வேளையும் ஒளுவுக்காகப் போய்வரும் ஈரமான இடம். விருந்தாளி பார்க்கிற இடத்துக்குப் பணம் முழுவதும் போய்விடுகிறது. வாப்பாவும் உம்மாவும் வழுக்கி விழக்கூடிய இடத்துக்கு மிச்சம்தான் போகிறது.

தவறி விழுவதால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். உயிர் போகாவிட்டாலும், வயதான காலத்தில் இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை, கவனிக்க ஒரு ஆள் என்று குடும்பமே நிலைகுலைந்து போகிறது. மருத்துவ உதவி கேட்கும் நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளும் காரணங்களில், சரியான டைல்ஸ் போட்டிருந்தாலே தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று இது.

அதனால் இரண்டு விஷயங்களை வலியுறுத்தவே இந்தக் கட்டுரை. ஒன்று, தரையைப் பற்றிய முடிவுகளை அஸ்திவாரம் தோண்டும் முன்பே காகிதத்தில் எடுத்துவிட வேண்டும். இரண்டு, தரைக்கான பணத்தை ஈரமான இடங்களில் தொடங்கி, காய்ந்த இடங்களில் முடிக்க வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனையில் பார்க்க வேண்டியது

நம் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த பத்மநாபபுரத்தின் அரண்மனைதான் அது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கேரளத் தொல்லியல் துறையே அதைப் பராமரித்து வருகிறது. அதன் கறுப்புத் தரையைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. சுண்ணாம்பு, கரித்த தேங்காய்ச் சிரட்டை, முட்டையின் வெள்ளைக்கரு, செடிகளின் சாறு எல்லாம் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியது என்று சொல்வார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் முகம் தெரியும் அளவுக்கு மின்னுகிறது. கோடையிலும் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.

அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துப் போகும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அந்தப் பளபளப்பான தரை இருக்கும் அறைகளில் மழைச் சாரல் படுவதில்லை. கூரை தாழ இறங்கி, சுவரைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கிறது. உள்ளே விழும் மழை தரையைவிடத் தாழ்வான முற்றத்துக்குப் போய்விடுகிறது. குளிக்கும் குளத்தின் படிகளோ மெருகேற்றாத கல்லால் ஆனவை. காய்ந்த இடத்துக்கு வழவழப்பு, ஈரமான இடத்துக்குச் சொரசொரப்பு என்ற கணக்கை அன்றைய ஆசாரிமார்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். ஒரே டைல்ஸை வீடு முழுக்கப் போடும் நம் இன்றைய வழக்கம் அந்தக் கணக்கை மறந்துவிட்டது.

காகிதத்தில் முடிக்க வேண்டியவை

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மூன்று சென்ட் மனை என்றால் சுமார் 1,307 சதுர அடி. முப்பது அடி அகலமும் நாற்பத்து மூன்றரை அடி நீளமும் உள்ள மனையாக வைத்துக்கொள்வோம். சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விட்டபின் 24 அடிக்கு 33 அடி, அதாவது 792 சதுர அடி கட்டுவதற்குக் கிடைக்கும் என்று கொள்ளலாம். எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது முன்னால் உள்ள சாலையின் அகலத்தைப் பொறுத்து மாறும். அதை நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த 792 சதுர அடியில் இப்படிப் பிரிக்கலாம்:

- வெளித்திண்ணை 8 × 6 அடி
- முன்னறை 12 × 11 அடி
- சாப்பிடவும் பெண்கள் இருக்கவும் உள்ஹால் 12 × 12 அடி
- படுக்கையறை 11 × 10 அடி
- குளியலறை 8 × 5 அடி
- அடுக்களை 10 × 8 அடி
- பின்கட்டு 8 × 5 அடி
- மாடிப்படிக்கு ஏறக்குறைய 70 சதுர அடி

இவற்றைக் கூட்டினால் 664 வரும். மீதி 128 சதுர அடியைச் சுவர்களே எடுத்துக்கொள்ளும். பிளான் போடும்போது பலர் மறப்பது இந்தச் சுவர்க் கணக்கைத்தான். காகிதத்தில் அகலமாகத் தெரிந்த அறை கட்டி முடித்ததும் குறுகிப் போவதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பிளானில் நம் குடும்பங்களுக்கென்று சில கவனங்கள் உண்டு.

கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் அதோடு சேர்ந்த குளியலறையும் கட்டாயம் வேண்டும். இன்று நமக்கு மாடி ஏற முடிகிறது. பதினைந்து வருடம் கழித்து முடியாமல் போகலாம். அந்த அறையின் கதவு 3 அடி அகலம் இருக்கட்டும். குளியலறைக் கதவையும் 3 அடியாக வைக்க முடிந்தால் சக்கர நாற்காலி தடையில்லாமல் போகும். குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துவிடும்.

முன்வாசலில் நிற்பவரின் பார்வை நேராக உள்ஹாலுக்குப் போகாதபடி முன்னறைக் கதவையும் உள்கதவையும் ஒரே நேர்கோட்டில் வைக்காமல் தள்ளி வையுங்கள். விசேஷ நாட்களில் முன்னறையில் ஆண்கள் இருக்கும்போது பெண்கள் பின்வாசல் வழியாகத் தாராளமாக வந்துபோக ஒரு பக்கத்து நடை வேண்டும். இரண்டு அறைகளுக்கும் இடையில் அகலமான மடக்குக் கதவு வைத்தால், ஆட்கள் கூடும்போது திறந்து பாய் விரிக்கலாம்.

சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருநாள் ஜனாஸா புறப்படும். சந்தூக்கு உள்ளே வந்து திரும்பி வெளியே போக முன்னறையிலும் வாசலிலும் இடம் இருக்கிறதா என்று பிளானிலேயே பாருங்கள். ஆம்புலன்ஸ் ஸ்டிரெச்சருக்கும் அதே இடம்தான் தேவைப்படும்.

ஒளு செய்ய உட்காரும் இடம் ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். மூன்றடிக்கு மூன்றடி போதும். முதியவர்கள் வாஷ்பேசினில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலைத் தூக்கிக் கழுவுவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். ஈரத்தரையில் அதைவிட ஆபத்தான நிலை வேறு இல்லை. ஒன்றரை அடி உயரத்தில் ஒரு திட்டு, எதிரே கைக்கு எட்டும் குழாய், காலடியில் தண்ணீர் ஓடும் வாய்க்கால் இவ்வளவும் இருந்தால் 80 வயதுக்காரரும் நிம்மதியாக ஒளு செய்யலாம். எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடி பதித்துவிடுங்கள்.

கழிப்பறையில் உட்காரும் திசையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கட்டடத்துக்குள் கிப்லாவை முன்னோக்குவது பற்றி மத்ஹபுகளுக்கிடையே வேறுபட்ட கருத்துகள் இருக்கின்றன. வடக்கு தெற்காக வைத்துவிட்டால் அந்தக் கேள்வியே வராது. பிளம்பிங் முடிந்த பிறகு திருப்பி வைப்பது பெரிய செலவு.

தொழும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பகுதியிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே சாய்ந்த திசை அது. சுவர்கள் நேர் மேற்காக இருக்கும் அறையில் ஸஃப் சற்றுச் சாய்வாகத்தான் நிற்கும். ஆகவே அந்த அறையில் அழுத்தமான கோடுகள் போட்ட டைல்ஸ் வேண்டாம். கண் தானாகவே அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு திசையை மாற்றிவிடும். கோலம் இல்லாத தரையும் அதன்மேல் சரியாகத் திசை குறித்த ஒரு விரிப்பும் போதும்.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குத் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையில் இணையவழியாக அனுமதி தருகிறது. அனுமதி எளிதாகிவிட்டது என்பதற்காகப் பிளானை அவசரமாகப் போட வேண்டாம். கட்டுவதற்கு முன் மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, குடும்பத்துப் பெண்களையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு, அந்தக் கோடுகளுக்குள் நடந்து பாருங்கள். கட்டில் எங்கே, அடுப்பு எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதெல்லாம் அப்போதே தெளிவாகிவிடும்.

மட்டமும் வாட்டமும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலையும், 2021 நவம்பரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். எனவே மனையை மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்பதை வேறு எந்தக் காலத்திலும் தெரிந்துகொள்ள முடியாது.

பேஸ்மட்டம் சுற்றியுள்ள தரையைவிடக் குறைந்தது ஒன்றரை அடி உயரமாக இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. சாலை ஒவ்வொரு முறை புதிதாகப் போடப்படும்போதும் சில அங்குலம் உயர்கிறது. அதையும் சேர்த்துச் சாலை மட்டத்திலிருந்து கணக்கிடுங்கள். அதற்காக வாசலில் நாலைந்து செங்குத்தான படிகளைக் கட்டி முதியவர்களைத் திணறடிக்க வேண்டாம். மிதி 10 அங்குலத்துக்குக் குறையாமலும் உயரம் 7 அங்குலத்துக்கு மிகாமலும் ஒரே அளவாகப் படிகள் இருக்கட்டும். ஒரு படி மட்டும் உயரம் மாறினாலும் கால் இடறும். இடமிருந்தால் ஓரத்தில் ஒரு சாய்தளமும் அமைக்கலாம்.

வீட்டுக்குள் அறைக்கு அறை மட்டம் மாறக் கூடாது. குளியலறை மட்டும் அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் போதும். மீதியைத் தண்ணீர் வாட்டம் பார்த்துக்கொள்ளும். எட்டடி நீளக் குளியலறைக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓர் அங்குலம் சரிவு இருந்தாலே தண்ணீர் தானாக ஓடிவிடும். வெளித்திண்ணைக்கும் வெளிப்பக்கமாகச் சரிவு வேண்டும். இல்லாவிட்டால் சாரல் விழுந்த தண்ணீர் வாசப்படியைத் தாண்டி உள்ளே வரும்.

இந்த மட்டங்களை எல்லாம் காங்கிரீட் போடும்போதே கொத்தனார் அமைக்க வேண்டும். டைல்ஸ் போட வருகிறவர் கடைசியில் அதைச் சரி செய்ய முடியாது.

தரைக்கு அடியில்

டைல்ஸ் வெடிப்பதற்கும் பொங்கி எழும்புவதற்கும் காரணம் பெரும்பாலும் டைல்ஸுக்குக் கீழே இருக்கிறது. பேஸ்மட்டத்துக்குள் மண்ணை ஒரேயடியாகக் கொட்டி நிரப்பாதீர்கள். அரையடி, அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசு கொண்டு இறுக்க வேண்டும். கட்டட இடிபாடு, மரத்துண்டு, செடிகொடி எதுவும் அதில் இருக்கக் கூடாது. கரையான் மருந்தும் அப்போதே அடித்துவிட வேண்டும். நிரப்பிய மண் ஒரு மழைக்காலம் அமர்ந்தால் மிகவும் நல்லது.

குளம், வாய்க்கால், வயல் பக்கத்தில் உள்ள மனைகளில் ஈரம் கீழிருந்து ஏறிவரும். அங்கே இறுக்கிய மண்ணின் மேல் தடித்த பாலித்தீன் விரிப்பைப் போட்டு, அதன்மேல் 4 அங்குல காங்கிரீட் போடச் சொல்லுங்கள். பேஸ்மட்டத்தின் மேல் ஈரம் தடுக்கும் அடுக்கை விட்டுவிடாதீர்கள். சுவரின் அடியில் உப்புப் பூத்து வெள்ளை உதிர்வது அந்த அடுக்கு இல்லாததால்தான்.

குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்பு வேலை முடிந்ததும், குழாய் வாயை அடைத்துவிட்டு, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி வையுங்கள். மாடிக் குளியலறைக்கு இது கட்டாயம். கீழே கூரையில் ஈரம் தெரியவில்லை என்று உறுதியான பிறகே டைல்ஸ்.

எந்த இடத்துக்கு எந்தத் தரை

கடைக்குப் போகும் முன் ஒரு அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். செராமிக் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சும். விட்ரிஃபைடு டைல்ஸ் அதன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உறிஞ்சும். கடையிலேயே சோதிக்கலாம். டைல்ஸைக் கவிழ்த்துப் பின்பக்கம் ஒரு கரண்டி தண்ணீர் விடுங்கள். செராமிக்கில் அது உள்ளே இறங்கிவிடும், விட்ரிஃபைடில் மேலேயே நிற்கும். சுவருக்கான டைல்ஸ் தரைக்கு ஆகாது. அது மெல்லியது, வழுக்கும்.

இரண்டாவது சோதனை அதைவிட முக்கியம். டைல்ஸின் முன்பக்கம் சோப்புத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். பெட்டியில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருந்தால், அது வழுக்காத தன்மையின் அளவு. எண் கூடக் கூட வழுக்கல் குறையும். குளியலறைக்கு ஆர் 10 அல்லது ஆர் 11 பாருங்கள்.

குளியலறை, ஒளு செய்யும் இடம், பின்கட்டு: பளபளப்பில்லாத, கைக்குச் சொரசொரப்புத் தெரியும் ஒரு அடிச் சதுர டைல்ஸ். சிறிய டைல்ஸாக இருந்தால் இணைப்புகள் அதிகமாகும், காலுக்குப் பிடிமானம் கிடைக்கும். தண்ணீர் வாட்டம் அமைக்கவும் எளிது.

வாசப்படி, வெளித்திண்ணை: மெருகேற்றாத அல்லது நெருப்பில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட் நல்லது. பளபளப்பான கிரானைட் படியில் மழை விழுந்தால் வாலிபர்களே சறுக்குவார்கள். மெருகில்லாத தரையோடும் ஏற்றது. ஆனால் நிழலில் பாசி பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுக்களை: மங்கலான விட்ரிஃபைடு. எண்ணெய்யும் மஞ்சளும் சிந்தும் இடம் என்பதால் இணைப்புகளை எபோக்ஸி கொண்டு அடைத்தால் கறை ஏறாது. மார்பிள் வேண்டாம். எலுமிச்சையும் புளியும் வினிகரும் அதை அரித்துவிடும். கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு வகைதான், அதற்கும் இதே கவனம் வேண்டும்.

படுக்கையறை, முன்னறை, ஹால்: இங்கே உங்கள் விருப்பம். விட்ரிஃபைடு எளிதானது. காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடி டைல்ஸ் சிமெண்டும் மணலும் நிறமும் சேர்த்துக் கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்க்கப்படுவது. அதைச் சூளையில் சுடுவதில்லை. காலுக்குக் குளிர்ச்சி, நடக்க நடக்க மெருகேறும். ஆனால் ஆசிட் பட்டால் கெட்டுப்போகும், ஈரமான இடத்துக்கு உகந்ததல்ல. நம் உம்மும்மா காலத்து வீடுகளில் இருந்த சிவப்பு ஆக்சைடு தரையை இன்றும் சில கொத்தனார்கள் செய்கிறார்கள். நல்ல கை கிடைத்தால் ஐம்பது வருடம் நிற்கும். கை சரியில்லையென்றால் முதல் கோடையிலேயே கீறல் விழும். ஆகவே அவர் முன்பு செய்த தரை ஒன்றைப் பார்த்துவிட்டே வேலையைக் கொடுங்கள்.

முதியவர்கள் இருக்கும் அறையில் கண்ணாடி போல மின்னும் டைல்ஸ் வேண்டாம். பார்வை மங்கியவர்களுக்கு அந்த மினுக்கம் தண்ணீர் கிடப்பது போலத் தெரியும், தயங்கித் தயங்கி நடப்பார்கள். குளியலறைத் தரைக்கும் சுவருக்கும் வேறு வேறு நிறம் இருந்தால் தரை எங்கே முடிகிறது என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

எத்தனை பெட்டி வாங்குவது

12 அடிக்கு 10 அடி அறையை எடுத்துக்கொள்வோம். தரை 120 சதுர அடி. சுற்றளவு 44 அடி. மூன்றடிக் கதவைக் கழித்தால் 41 அடி. அதற்கு 4 அங்குல உயரம் ஸ்கர்ட்டிங் ஓட்ட சுமார் 14 சதுர அடி வேண்டும். மொத்தம் 134. வெட்டுக்கும் உடைவுக்கும் பத்து சதவீதம் சேர்த்தால் 147. இரண்டடிச் சதுர டைல்ஸ் பெட்டிக்கு நான்கு, அது 15.5 சதுர அடி. ஆக 10 பெட்டி வேண்டும்.

எல்லாப் பெட்டிகளிலும் ஒரே தயாரிப்பு எண்ணும் ஒரே ஷேடு எண்ணும் இருக்கிறதா என்று லாரி ஏற்றும் முன்பே பாருங்கள். மிச்சமான டைல்ஸைத் திருப்பிக் கொடுக்காமல் வகைக்கு ஐந்தாறு எடுத்து வையுங்கள். நாளை குழாய்க்காகத் தரையை உடைக்க நேர்ந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.

டைல்ஸ் விலை மட்டும் தரையின் விலை அல்ல. மணல் அல்லது எம்சாண்ட், சிமெண்ட், பசை, இணைப்பு அடைப்பு, ஏற்றிறக்குக் கூலி, பதிக்கும் கூலி எல்லாவற்றையும் சேர்த்து எழுதிப் பார்த்த பிறகே டைல்ஸ் விலையைத் தேர்ந்தெடுங்கள்.

பதிக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது

விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாததால் வெறும் சிமெண்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. அதற்கென்று உள்ள பசையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். டைல்ஸின் பின்னால் ஐந்து இடத்தில் மட்டும் கலவையைப் புள்ளி வைத்து ஒட்டுவது தவறு. இடையில் வெற்றிடம் இருக்கும், கனமான பொருள் விழுந்தால் உடையும். பின்பக்கம் முழுவதும் பசை தடவ வேண்டும்.

டைல்ஸுக்கு டைல்ஸ் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஸ்பேசர் வைத்துப் பதிக்க வேண்டும். இடைவெளியே தெரியாமல் ஒட்டினால் அழகாக இருக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். வெயிலில் விரிவதற்கு இடம் இல்லாமல் ஒருநாள் நடுஹாலில் இரண்டு டைல்ஸ் கூரை போல எழும்பி நிற்கும். பதித்த மறுநாள் ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் அப்போதே எடுத்து மறுபடி பதிக்கச் சொல்லுங்கள். கூலி முழுவதும் கொடுத்த பிறகு சொல்வதைவிட இது இருவருக்கும் நல்லது.

பணம் போதவில்லை என்றால்

இதுதான் பலருக்கு உண்மையான கேள்வி. தரைக்காக மட்டும் வட்டிக்கு வாங்கியவர்கள், மகளின் நகையை அடகு வைத்து மீட்க முடியாமல் போனவர்கள் நம் சமுதாயத்தில் உண்டு. அதற்கு அவசியமே இல்லை.

கதவு நிலைகளை வைக்கும்போதே, பிற்காலத்தில் போடப்போகும் டைல்ஸுக்காக 2 அங்குலம் கூடுதலாக விட்டு வையுங்கள். குளியலறை, ஒளு இடம், வாசப்படி, அடுக்களை இவற்றுக்கு மட்டும் இப்போது நல்ல டைல்ஸ் போடுங்கள். மற்ற அறைகளில் வழுவழுப்பான சிமெண்ட் பூச்சுத் தரையோடு குடிபுகுந்துவிடுங்கள். பெருக்கித் துடைத்து, பாய் விரித்து, தொழுது, தூங்கி வாழ அந்தத் தரை போதும். வருடத்துக்கு ஓர் அறையாக, கையில் பணம் வரும்போது டைல்ஸ் போட்டுக்கொள்ளலாம். நிலையில் இடம் விட்டிருப்பதால் கதவை வெட்ட வேண்டியதில்லை, மட்டமும் மாறாது.

2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஊராட்சிப் பகுதிகளில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. அப்படிப்பட்ட சிறிய வீட்டுக்கும் இதே வரிசைதான். கழிப்பறைக்கு நல்ல தரை, வழுக்காத வாசப்படி, கைப்பிடி. மற்றதெல்லாம் பிறகு.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் இருப்பவர்களும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்க வேண்டாம். குளியலறையில் மட்டும் பழைய டைல்ஸை எடுத்துவிட்டுச் சொரசொரப்பானதைப் போடுவதும், இரண்டு கைப்பிடிகள் பொருத்துவதும், ஒளு செய்ய உறுதியான ஒரு ஸ்டூல் வைப்பதும், இரவில் எரியும் சிறு விளக்கு மாட்டுவதும் சில நாள் வேலைதான். சோப்பும் எண்ணெய்யும் சிந்திய தரையை உடனே கழுவிவிட்டு, துடைத்துக் காய வைக்கும் பழக்கத்துக்குச் செலவே இல்லை.

பால் காய்ச்சுக்கு வருகிறவர்கள் ஹாலைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டு அன்று மாலையே போய்விடுவார்கள். உங்கள் பெற்றோர் அதிகாலை இருட்டில் பஜ்ருக்கு எழுந்து குளியலறைக்கு நடப்பது வருடம் முழுவதும். அந்த நடைக்கு முதலில் செலவழியுங்கள். நம் வீடுகளையும் அவற்றில் வாழ்பவர்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.